செயின்ட் லூயிஸில் ஒரு தேனீ வாத்தியார்!

செயின்ட் லூயிஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மிசிசிப்பி ஆற்றங்கரையில் 630 அடி உயரத்துக்குப் பளபளன்னு வளைஞ்சு நிற்கிற கேட்வே ஆர்ச்! அந்த ஊரில் இருக்கிற அண்ணனோ, அக்காவோ அனுப்புற போட்டோவில் கட்டாயம் அது இருக்கும். ஆனா, நாம இப்போ அந்தப் பக்கம் போகலை. நகரத்தோட வடக்குப் பக்கம், டூரிஸ்ட் கூட்டம் அதிகம் எட்டிப் பார்க்காத ஏரியாவுக்கு ஒரு ரவுண்ட். மேப்பைப் பிரிச்சுக்கோங்க!

முதல் ஸ்டாப், ஓ'ஃபாலன் பார்க். மரம், புல்வெளி, ஏரின்னு சாதாரண பூங்காதான். ஆனா, சுமார் 115 வருஷத்துக்கு முன்னாடி இங்கே நின்னிருந்தீங்கன்னா, ஒரு மனுஷர் கலர் கலரா அட்டை வட்டங்களை நட்டு வெச்சு, தேன் தடவிட்டு, தேனீக்களோட வருகைப் பதிவு எடுத்துக்கிட்டிருந்ததைப் பார்த்திருக்கலாம். அவர்தான் சார்லஸ் ஹென்றி டர்னர். தேன் இருக்கிற கலரை ஞாபகம் வெச்சுக்கிட்டுத் தேனீ திரும்ப அதே கலருக்கு வருதான்னு பார்த்தார். வந்தது! 1910-ல் நிறம் பற்றியும், 1911-ல் கோடு, கட்டம் மாதிரியான டிசைன்கள் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். தேனீ ஆராய்ச்சிக்காக 1973-ல் நோபல் வாங்கின கார்ல் ஃபான் ஃபிரிஷ், தேனீக்கு நிறம் தெரியும்னு இன்னும் கறாரான சோதனைகளோடு நிரூபிச்சது 1914-ல்.

'பெரிய லேப், ஏகப்பட்ட ஃபண்டு இருந்திருக்கும்'னு நினைக்கிறீங்களா? அதுக்கு அடுத்த ஸ்டாப் போகணும் பாஸ்!

'த வில்'. கறுப்பின மக்கள் கட்டி வளர்த்த குடியிருப்பு. இங்கே இருக்கிற சம்னர் ஹைஸ்கூல் 1875-ல் தொடங்கினது. மிசிசிப்பிக்கு மேற்கே கறுப்பின மாணவர்களுக்கான முதல் உயர்நிலைப் பள்ளி. பாடகி டினா டர்னர், ராக் அண்ட் ரோல் புகழ் சக் பெர்ரி, டென்னிஸ் ஸ்டார் ஆர்தர் ஆஷ்... எல்லாரும் இந்த ஸ்கூல் பசங்கதான்!

நம்ம டர்னர் இங்கே 1908-ல் ஆசிரியரா சேர்ந்தார். அதுக்கு முன்னாடி 1893 முதல் 1905 வரை அட்லாண்டாவில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர். 1907-ல், எறும்பு எப்படி வீடு திரும்புதுன்னு ஆராய்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறமும் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதிலும் அவருக்கு வேலை அமையலை. பி.ஹெச்டி. முடிச்சவர், ஸ்கூல் வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டே ஆராய்ச்சி பண்ணினார். கரப்பான்பூச்சியை இருட்டுக்குள்ளே போனா லேசா ஷாக் அடிக்கிற பெட்டியில் விட்டார். இருட்டுன்னா உயிரான கரப்பான், இருட்டைத் தவிர்க்கக் கத்துக்கிச்சு! வாழ்நாளில் 70-க்கும் மேற்பட்ட கட்டுரைகள். ஒரு லேப் ரெக்கார்டு முடிக்கவே நாக்கு தள்ளுற நமக்கு, இது ஓவர்தான்!

மூணாவது ஸ்டாப், பக்கத்திலேயே லபாடி அவென்யூ, கதவு எண் 4600. செங்கல் வீடு. 1911-ல் இந்தத் தெருவின் வீட்டுக்காரர்கள் பலர் சேர்ந்து ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாங்க. கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் 50 வருஷத்துக்கு இங்கே இடம் கிடையாதுன்னு! தேனீ டிசைனைப் பிரிச்சு அறியும்னு டர்னர் எழுதின அதே வருஷம், அதே ஊர். 1916-ல் நகரமே ஓட்டுப் போட்டு, நிறம் பார்த்துக் குடியிருப்பைப் பிரிக்கிற சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மாதிரி சட்டங்கள் செல்லாதுன்னு 1917-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா, பத்திரங்கள் தொடர்ந்தன. 1945-ல் ஷெல்லி என்கிற கறுப்பினக் குடும்பம் இந்த வீட்டை வாங்கி, வழக்காகி, இப்படிப்பட்ட பத்திரங்களைக் கோர்ட்டுகள் அமல்படுத்தக் கூடாதுன்னு 1948-ல் தீர்ப்பு வந்தது.

டர்னர் அந்தத் தீர்ப்பைப் பார்க்கலை. 1923-ல், 56 வயசில் இறந்துட்டார். ஆனா, இந்த ஊர்க் கறுப்பின மக்களுக்கான சமூக சேவைப் பணிகளில் முன்னால் நின்றவர் அவர். இன வெறுப்பைப் பற்றியும் எழுதினார். பழக்கமில்லாததைப் பார்த்து மிரள்வது ஒரு வகை, மத்தவங்களைப் பார்த்துக் காப்பியடிச்சுக் கத்துக்கிறது இன்னொரு வகைன்னு பிரிச்சார். கல்வி இதை மாத்தும், அந்தக் கல்வி கறுப்பர், வெள்ளையர் ரெண்டு பேருக்கும் வேணும் என்பது அவர் வாதம். பூச்சி வெறும் இயந்திரம் இல்லை, கத்துக்கும்னு காட்டினவர், மனுஷன் மேல நம்பிக்கை இழப்பாரா என்ன?

1925-ல் த வில் பகுதியில் உடல் ஊனமுற்ற கறுப்பினக் குழந்தைகளுக்காகத் திறந்த பள்ளிக்கு அவர் பேரையே வெச்சாங்க. 2025 மே 16-ல் சூறாவளி வடக்கு செயின்ட் லூயிஸைப் புரட்டிப் போட்டப்போ, இந்த ஏரியாவும் அடிபட்டது. ஆர்ச் போட்டோவில் இதெல்லாம் தெரியாது.

அதனால, அந்த ஊருக்கு எம்.எஸ். படிக்கப் போற சீனியர் யாராவது இருந்தா சொல்லி வைங்க... ஆர்ச்சைப் பார்த்துட்டு, அப்படியே வடக்கேயும் ஒரு நடை! நீங்க இங்கேயே இருந்தாலும் பரவாயில்லை. ஹாஸ்டல் ரூமில் கரப்பானைப் பார்த்துச் செருப்பைத் தூக்கும்போது டர்னரை நினைச்சுக்கோங்க. அதுவே பழக்கத்தை மாத்திக்குது. நாம மாட்டோமா?