துப்பாக்கிகள் குடிபெயர்ந்த ஊர்

வீடு மாற்றாத குடும்பம் உண்டா? நல்ல நாள் பார்த்து, உப்பும் பருப்பும் குத்துவிளக்கும் முதலில் கொண்டு போய் வைத்துப் பால் காய்ச்சியாகிவிடும். அதற்கப்புறம் ஆரம்பமாகும் ரகளை! பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவதும், கண்ணாடிச் சாமான்களைப் பழம்புடைவையில் சுற்றுவதும், பெட்டிக்குப் பெட்டி நம்பர் போட்டு ஜாபிதா எழுதுவதுமாக ஒரு வாரம் ஓடிவிடும். அத்தனை ஜாக்கிரதைக்கும் பிறகு புது வீட்டில் எண்ணிப் பார்த்தால் ஒரு டம்ளரைக் காணோம். "போனால் போகிறது, யாராவது காப்பி சாப்பிட்டுப் போகட்டும்!" என்று சொல்லிவிட்டு அடுப்பு வேலையைக் கவனிக்கப் போய்விடுகிறோம்.

காணாமல் போனது ஒரு துப்பாக்கியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? போனால் போகிறது என்று சொல்ல முடியுமா?

ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை மூட்டை கட்டிக்கொண்டு வீடு மாற்றிய கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதை நடந்த இடத்துக்குத்தான் இப்போது உங்களை அழைத்துப் போகிறேன். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயர் சீமையில் உள்ள லீட்ஸ் நகரம் அது. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மணிக்குச் சற்று அதிகமான பிரயாணம். ஒரு காலத்தில் கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். ஊர் நடுவே ஏர் என்ற ஆறு ஓடுகிறது. பேர்தான் ஏர், அதில் உழவு ஒன்றும் கிடையாது! ஆற்றங்கரையோடு நடந்தால், முன்னாளில் நிலக்கரிப் படகுகள் வந்து நின்ற துறை ஒன்று வரும். அதன் கரையில் சாம்பல் நிறத்தில் பெரிய கட்டடம் எழுந்து நிற்கிறது. அதுதான் 'ராயல் ஆர்மரீஸ்' என்னும் ஆயுதக் காட்சிச் சாலை. உள்ளே போகக் கட்டணம் இல்லை.

இந்த ஆயுதங்களின் பூர்வீக வீடு லண்டன் டவர் கோட்டை. பல நூற்றாண்டுகளாக இங்கிலாந்து மன்னர்களின் ஆயுதக் கிடங்கு அங்கேதான் இருந்தது. நாளாக ஆக, சாமான் பெருகிய வீடு போல டவரும் நிறைந்து வழிந்தது. இருப்பதில் கொஞ்சத்தைத்தான் ஜனங்களுக்குக் காட்ட முடிந்தது; மற்றவை பரணிலே கிடந்தன என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஆகையால் ஆயுதங்களில் பெரும் பகுதி லீட்ஸுக்குக் குடிபெயர்ந்தது. 1996-ம் வருஷம் மார்ச் மாதம் எலிசபெத் மகாராணி புது வீட்டைத் திறந்து வைத்தார். பெரிய பீரங்கிகளுக்குத் தென்கரையில் போர்ட்ஸ்மவுத் அருகே உள்ள நெல்சன் கோட்டையில் தனி ஜாகை கிடைத்தது. டவரிலும் ஒரு பகுதி தங்கிவிட்டது. பெரிய குடும்பம் மூன்று ஊர்களில் குடித்தனம் வைத்த மாதிரிதான்.

ஒரே வீட்டில் எல்லாவற்றையும் அடைத்து வைப்பதன் ஆபத்து என்ன என்பதை டவர் ஒரு முறை கண்ணாலேயே பார்த்துவிட்டது. 1841-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி இரவு அங்கே தீப்பிடித்துப் பெரிய கிடங்கு முழுவதும் எரிந்து போயிற்று. ஏராளமான துப்பாக்கிகள் உருகிக் குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் இருந்த ராஜ கிரீடங்களை மட்டும் அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார்கள். அந்தக் கிடங்கு எரிந்த இடத்தில் எழுந்த கட்டடத்தில்தான் இன்று அதே கிரீடங்கள் காட்சிக்கு இருக்கின்றன!

லீட்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்தால் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது 'எஃகுக் கூடம்'. கோபுரம் போல் உயர்ந்த அந்தக் கூடத்தின் சுவர்களில் வாளும் ஈட்டியும் துப்பாக்கியும் மார்புக் கவசமுமாகச் சுமார் 2,500 உருப்படிகள். அவற்றை வட்டமாகவும் விசிறியாகவும் நட்சத்திரமாகவும் பதித்திருக்கிறார்கள். மார்கழி மாதத்துக் கோலத்தைச் சுவரில் தூக்கி நிறுத்தியது போல் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் கோலத்தின் ஒவ்வொரு இழையும் ஓர் உயிரைப் போக்கக்கூடியது என்பது உறைக்கும்.

கீழ்த்திசை நாடுகளின் பகுதியில் நம்மவர் ஒருவர் நிற்கிறார், யானையார்! அதாவது, யானை உருவத்தின் மேல் போர்த்திய மொகலாயர் காலத்து இரும்புக் கவசம். சின்னச் சின்ன இரும்புத் தகடுகளை வளையங்களால் கோத்துச் செய்தது. இப்போது மிச்சமிருப்பது மட்டும் 118 கிலோ எடை, 5,840 தகடுகள். இதை இங்கிலாந்துக்குக் கொண்டு போனவர் யார் தெரியுமா? மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி, ஹென்ரியட்டா கிளைவ். 1800-ம் வருஷம் தம் இரு பெண்களையும் கூட்டிக்கொண்டு மதராஸிலிருந்து புறப்பட்டுப் பெங்களூர், சீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று பல மாதங்கள் சுற்றி வந்த பெண்மணி அவர். 1801-ல் ஊர் திரும்பினார். அந்தக் குடும்பத்தின் மாளிகையில் வெகு காலம் இருந்த கவசம், டவருக்குப் போய், பிறகு லீட்ஸுக்கும் வந்து சேர்ந்தது. எத்தனை வீடு மாற்றினாலும் சில தகடுகள் உதிரத்தானே செய்யும்? முதலில் 8,000-க்கு மேல் தகடுகள் இருந்தனவாம்!

ஆனால் துப்பாக்கிகளின் உண்மையான குடிபெயர்ச்சிக் கதை இந்தக் காட்சிச் சாலையில் இல்லை. அதே லீட்ஸில், பூட்டிய கதவுக்குப் பின்னால், முன்கூட்டியே அனுமதி வாங்கியவர்கள் மட்டும் போகக்கூடிய 'தேசியத் துப்பாக்கி நிலைய'த்தில் இருக்கிறது.

பழைய நாளில் அதற்குப் பெயர் 'மாதிரி அறை'. ராணுவத்துக்கு லட்சம் துப்பாக்கி வேண்டுமானால் முதலில் ஒன்றே ஒன்றைக் குறையில்லாமல் செய்து, அரக்கு முத்திரை வைத்துப் பூட்டிவிடுவார்கள். மற்ற எல்லாம் அதைப் பார்த்துத்தான் செய்யப்பட வேண்டும். அப்படிச் சேர்ந்த மாதிரிகளின் வீடு லண்டனுக்கு வடக்கே, என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலை.

என்ஃபீல்டு! கேட்ட பெயராக இருக்கிறதா? 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது என்ஃபீல்டு துப்பாக்கிதான். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் வெகு காலம் தோளில் சுமந்த 'த்ரீ நாட் த்ரீ'யும் அங்கே பிறந்ததே. அந்தத் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்த ஒரு கம்பெனி, பெருமையாகத் தன் பெயரோடு 'என்ஃபீல்டு' என்று சேர்த்துக்கொண்டது. 1950-களிலிருந்து நம் திருவொற்றியூரில் உருவாகி, தெருவே அதிரப் போன புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பெயர் வந்த வழி அதுதான்.

1988-ல் என்ஃபீல்டு தொழிற்சாலை மூடப்பட்டது. மாதிரிகள் எல்லாம் நாட்டிங்ஹாமில் இருந்த இன்னொரு ஆயுதத் தொழிற்சாலைக்குக் குடிபோயின. சில வருஷங்களில் அந்தத் தொழிற்சாலைக்கும் மூடுவிழா வந்தது. மறுபடியும் மூட்டை, மறுபடியும் பிரயாணம்! 2005-ல்தான் லீட்ஸில் நிலையான இடம் கிடைத்தது.

இப்படிப்பட்ட சாமானை எப்படி இடம் மாற்றுவது? காட்சிச் சாலைக்காரர்கள் கடைப்பிடிக்கும் முறைகளைக் கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது போலவே இருக்கும்.

முதல் விதி: எந்தத் துப்பாக்கியையும் காலி என்று நம்பக் கூடாது. நேற்றுத்தான் பார்த்தோம் என்றாலும் இன்று கையில் எடுத்தவர் மறுபடியும் பார்க்க வேண்டும். பழங்காலத்து, வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியாக இருந்தால் ஒரு மெல்லிய மரக் கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே அடையாளம் போடுவார்கள். பிறகு அதே கோலைக் குழலுக்கு வெளியே வைத்து அளப்பார்கள். கோலின் நுனி அடிப்பகுதிக்கு எட்டாமல் நாலு விரற்கடை குறைந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கொள்ளுத் தாத்தா காலத்தில் கெட்டித்த மருந்தாக இருக்கலாம். ஈரம் படாத கறுப்பு மருந்துக்கு வயசு தெரியாது, இன்றைக்கும் வெடிக்கும்!

இரண்டாவது விதி: துப்பாக்கி வேறு, தோட்டா வேறு. ஒரே பெட்டியில் இரண்டும் போகக் கூடாது. கழற்ற முடிந்த போல்ட் போன்ற பாகத்தைக் கழற்றித் தனியே வைத்தால் இன்னும் நல்லது. வழியில் ஒரு பெட்டி களவு போனாலும் திருடன் கையில் இருப்பது வெறும் இரும்புக் குழாய்தான்.

மூன்றாவது விதி: வெறும் விரலால் தொடக் கூடாது. விரல் வியர்வையில் உப்பு உண்டு. பட்ட இடத்தில் சில நாளில் ரேகை ரேகையாகத் துரு பூத்துவிடும். கையுறை போட்டு எடுத்து, லேசாக எண்ணெய் துடைத்து, அந்தந்த வடிவத்துக்கு வெட்டிய மெத்தையில் படுக்க வைப்பார்கள். ஈரம் மிகுந்தால் இரும்பு துருப்பிடிக்கும். ஈரம் வற்றினால் மரக்கட்டை வெடிக்கும். வீட்டில் வீணை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது விதியே எல்லாவற்றுக்கும் சிகரம்: கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒரு போட்டோ, ஒரு வரி வர்ணனை. புறப்படும் வாசலில் ஒருவர் எண்ணுகிறார்; சேரும் வாசலில் இன்னொருவர் எண்ணுகிறார். இரண்டும் ஒத்துப்போனால்தான் பிரயாணம் முடிந்தது. பெட்டியின் மேல் 'துப்பாக்கி' என்று எழுதுவதில்லை. போகும் நாளையும் வழியையும் ஊரெல்லாம் சொல்வதில்லை. நடுவழியில் வண்டியைத் தனியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் இல்லை.

இவ்வளவு பந்தோபஸ்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அதே 1996 மார்ச் மாதம் பதில் சொல்கிறது. லீட்ஸ் காட்சிச் சாலை திறப்பு விழா கண்ட அந்த மாதம் 13-ந் தேதி, ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சின்ன ஊரின் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் கைத்துப்பாக்கிகளோடு நுழைந்தான். பதினாறு குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் மாண்டார்கள். அந்தத் துப்பாக்கிகள் கள்ளச் சரக்கு அல்ல. முறைப்படி லைசென்ஸ் பெற்று வீட்டில் வைத்திருந்தவை! அந்தத் தாய்மார்களின் கண்ணீர் தேசத்தையே உலுக்கியது. 1997-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட், தனி மனிதர்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதையே அநேகமாகத் தடை செய்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேலான கைத்துப்பாக்கிகளை ஜனங்கள் போலீசாரிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அதுவும் ஒரு குடிபெயர்ச்சிதான்.

"இதெல்லாம் சீமை சமாசாரம், நமக்கு என்ன?" என்று நினைத்துவிடாதீர்கள். தாத்தா ஜமீனில் வேலை பார்த்தவர், மாமனார் மிலிட்டரியில் இருந்தவர் என்று நம்மிலும் பல குடும்பங்கள் உண்டு. பழைய வீட்டைக் காலி செய்கையில் பரணிலிருந்து ஒரு துப்பாக்கி எட்டிப் பார்த்தால், முதலில் குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். "காலியாகத்தான் இருக்கும்" என்று விசையை இழுத்துப் பார்க்க யாரையும் விடாதீர்கள். அதை லாரியில் ஏற்றவே வேண்டாம். லைசென்ஸ்தாரர் காலமாகி, வீட்டில் வேறு யாருக்கும் லைசென்ஸ் இல்லையென்றால், தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். முதலில் நிலையத்துக்குச் சேதி சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். முறைப்படி லைசென்ஸ் உள்ளவர் ஊர் மாறினாலும், முப்பது நாளைக்குள் புது ஊர் அதிகாரிக்கும் பழைய ஊர் அதிகாரிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் சாதாரணமாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது.

லீட்ஸ் காட்சிச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகள் கூட்டம் அலைமோதும். கண்ணாடிக்குப் பின்னால் நம்பர் சீட்டோடு துப்பாக்கிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் எத்தனையோ போர்க்களம் பார்த்தவை. எத்தனையோ தாய்மார்களை அழ வைத்தவை. இன்று அவை யாரையும் ஒன்றும் செய்வதில்லை. எண்ணி வைத்த துப்பாக்கி எண்ணிய இடத்திலேயே இருக்கிறது என்று தினமும் யாரோ ஒருவர் சரிபார்க்கிறார். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு குழந்தைகள் பயமில்லாமல் வேடிக்கை பார்க்க முடிவது அதனால்தான்.