பச்சை ஸ்கிரீனும் பொம்மை ஜன்னலும்

கேம்பஸ் இன்டர்வியூவில் “உனக்கு எதுல இன்ட்ரஸ்ட்?” என்று கேட்டபோது, “ஜாவா சார்!” என்று கணீரென்று சொன்னவள் நான். ட்ரெயினிங் முடிந்து ப்ராஜெக்ட் லிஸ்ட் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே ‘ஏஎஸ்/400’ என்று இருந்தது. ஏதோ பஸ் ரூட் நம்பர் மாதிரி இருக்கே என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன். அவளுக்கு ஜாவா கிடைத்திருந்தது. என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

முதல் நாள் லாக்இன் பண்ணினால்... கறுப்புத் திரை, பச்சை எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மவுஸை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், எதையும் இழுக்க முடியவில்லை. ரயில்வே ரிசர்வேஷன் கவுன்டர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. இதுக்கா நாலு வருஷம் படிச்சோம் என்று அன்று ராத்திரி ஹாஸ்டலில் தலையணை நனைய அழுதேன். (சிரிக்காதீங்க. உங்களுக்கும் ஒரு ப்ராஜெக்ட் லிஸ்ட் வரும்!)

மெஷின் பற்றி ஒரு சின்ன பயோடேட்டா. ஐபிஎம் 1988-ல் கொண்டு வந்தது. பிறந்த ஊர், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் ராச்செஸ்டர். மெயின்ஃப்ரேம் என்கிற யானைக்கும் மேஜை மேல் இருக்கும் பிசிக்கும் நடுவில் ஒரு சைஸ். அதனால் ‘மிட்ரேஞ்ச்’. குடோன் வைத்திருக்கும் மொத்த வியாபாரி, பேங்க், இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று நடுத்தர சைஸ் ஆட்கள் வாங்கி மூலையில் வைத்துவிட்டு, அது இருப்பதையே மறந்துவிடுவார்கள். அவ்வளவு சமர்த்து. பெயர்தான் ஒரு இடத்தில் நிற்காது. 2000-ல் ஐசீரீஸ், 2006-ல் சிஸ்டம் ஐ, 2008-ல் பவர் சிஸ்டம்ஸ் குடும்பத்தில் சேர்ந்து, அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ‘ஐபிஎம் ஐ’. எங்களுக்கு என்றைக்கும் அது ஃபோர் ஹண்ட்ரட்தான்.

எங்கள் லீட் நாற்பதைத் தாண்டியவர். கீபோர்டைப் பார்க்காமல், சில சமயம் திரையையே பார்க்காமல் டைப் அடிப்பார். அவர்தான் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுத்தார். “ஏம்மா, மனப்பாடம் பண்ணாதே. புணர்ச்சி விதி மாதிரி சேர்த்துப் படி. முதல் மூணு எழுத்து வினை. டபிள்யூஆர்கே-ன்னா வொர்க். டிஎஸ்பி-ன்னா டிஸ்ப்ளே. டிஎல்டி-ன்னா டெலிட். பின்னாடி என்ன பொருளோ அதோட பேர். ஓடிக்கிட்டிருக்கிற வேலையைப் பார்க்கணுமா? வொர்க் ஆக்ட் ஜாப். மீதி மறந்துபோச்சா? எஃப்4 தட்டு. அதுவே ஒவ்வொரு கேள்வியா உன்கிட்ட கேட்கும்.”

நிஜம்தான். ஒரு மாசத்தில், கற்றுக்கொடுக்காத கமாண்டைக்கூட நானாக ஊகித்து அடிக்க ஆரம்பித்தேன். பத்தில் ஏழு சரியாக இருந்தது. விண்டோஸில் ஐகானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யார் கண்டது? இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. அழுதவள், ஆறு மாசத்தில் ஜாவா தோழியிடம் பீற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்!

அப்போதுதான் வந்தது ஆர்டர். க்ளையன்ட், அமெரிக்காவில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனி. ‘இனி மெஷின்களை மேனேஜ் பண்ண ஐசீரீஸ் நேவிகேட்டர் பயன்படுத்துங்கள்’ என்று மெயில். பிசியில் ஓடும் ஜன்னல் சாஃப்ட்வேர். இடது பக்கம் மரம் மாதிரி கிளை கிளையாக விரியும். ரைட் கிளிக் பண்ணினால் மெனு. முன்னால் ஆபரேஷன்ஸ் நேவிகேட்டர் என்று இருந்ததற்கு 2002-ல் இந்தப் பெயர் வைத்திருந்தார்கள். லீட் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “பொம்மை.”

அவர் கோபத்தில் நியாயமும் இருந்தது. பச்சை ஸ்கிரீன், நீங்கள் என்டர் தட்டும்போதுதான் மொத்தமாக அந்தப் பக்கம் பேசும். அதனால் கடல் தாண்டிய மெதுவான லைனிலும் பறக்கும். நேவிகேட்டரோ எங்கள் பழைய பிசியில் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் நியாயம் மட்டுமே இல்லை. அந்த விரல்களில் பதினைந்து வருஷம் இருந்தது. நேற்று வந்த பையன் ரைட் கிளிக்கில் அதே வேலையைச் செய்தால், அந்தப் பதினைந்து வருஷத்துக்கு என்ன விலை? அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அப்போது புரியவும் இல்லை. மூலையில் ஒரு பிசியில் நேவிகேட்டரைப் போட்டு, க்ளையன்ட் மெஷினின் சிபியூ எவ்வளவு ஓடுகிறது என்று கோடு வரையும் கிராஃபைத் திறந்து வைத்தோம். விசிட்டர் வந்தால் காட்டுவதற்கு. அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

2004 ஜனவரி. ராத்திரி 2 மணி. அங்கே மதியம் மூன்றரை. ஷிஃப்ட்டில் நான் மட்டும். இன்வாய்ஸ் வேலை ஒன்று சிக்கிக்கொண்டு நின்றது. அது ஓடும் சப்சிஸ்டத்தை, அதாவது வேலைகள் குடியிருக்கும் அறையை, மூடித் திறக்கச் சொல்லி அனுமதி வாங்கியாயிற்று. கியூபேட்ச் என்று அடிக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் அடித்தது கியூஇன்டர். கூடவே ‘இமீடியட்’. என்டர்!

கியூஇன்டர் என்பது பச்சை ஸ்கிரீன்கள் எல்லாம் குடியிருக்கும் அறை. அங்கே ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரின் திரையும் ஒரே நொடியில் செத்தது. என்னுடையதும்தான். திரும்ப சைன் ஆன் பண்ணலாம் என்றால், எந்தக் கதவு வழியாகப் போவது? கதவையே நான்தான் இடித்துவிட்டேன்.

லீட் வீட்டுக்குப் போன். “கன்சோல் மட்டும்தான் உயிரோட இருக்கும். மெஷின் ரூமுக்குப் போன் போடு.” போட்டேன். ரிங் போகிறது, போகிறது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு லைனில் க்ளையன்ட் கத்த ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயிற்றைப் புரட்டியது. வேலை போச்சு, அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் மனசில் ஓடியது.

சும்மா திரும்பினேன். மூலையில் அந்தக் கிராஃப். கோடு சரேலென்று கீழே விழுந்திருந்தது. ஆனால்... நகர்ந்துகொண்டிருந்தது! அப்படியானால் அந்த ஜன்னல் இன்னும் அந்த மெஷினோடு பேசிக்கொண்டிருக்கிறது! நேவிகேட்டரின் வேலைகள் குடியிருப்பது வேறு அறையில். நான் இடித்த அறையில் இல்லை.

ஓடினேன். எந்தக் கிளையில் போய் எதை ரைட் கிளிக் பண்ணுவது? பழகினால்தானே தெரியும்! மெஷின் பெயர் மேல் ரைட் கிளிக் பண்ணினேன். மெனுவில் ‘ரன் கமாண்ட்’ என்று ஒரு வரி. திறந்தால் ஒரு வெள்ளைக் கட்டம். அந்தப் பொம்மைக்குள் லீட் கற்றுக்கொடுத்ததை அடித்தேன். எஸ்டிஆர்எஸ்பிஎஸ் கியூஇன்டர். ஸ்டார்ட் சப்சிஸ்டம்.

போனில் கத்திக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “இட்ஸ் பேக்” என்றார். பாதியில் அறுந்த ஆர்டர்களை அவர்கள் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. நான் ஒரு நீளமான மன்னிப்பு மெயில் எழுத வேண்டியிருந்தது. வேலை போகவில்லை.

அதற்குப் பிறகு டீமில் சேர்ந்த ஃப்ரெஷர்களுக்கு நேவிகேட்டரை மட்டும் கற்றுக்கொடுத்தோம். சீக்கிரம் பழகினார்கள். ஆனால் புது வெர்ஷனில் மெனு இடம் மாறினால் தவித்துப் போவார்கள். எந்த இடத்தில் கிளிக் என்று தெரியும், எதைக் கிளிக் பண்ணுகிறோம் என்று தெரியாது. அதனால் பச்சை ஸ்கிரீன்தான் உசத்தி என்று சொன்னால் அதுவும் பொய். ஐந்து மெஷின்களின் மூச்சை ஒரே ஜன்னலில் கோடாகப் பார்க்கிற வசதி அந்த 24 வரியில் ஏது? விண்டோஸில் ஓடிய அந்த நேவிகேட்டருக்கு 2019-ல் சப்போர்ட் முடிந்துவிட்டது. இப்போது பிரவுசரில் ஓடும் வேறு நேவிகேட்டர். 2021-ல் புதிதாக எழுதினார்கள். ஓடுகிற வேலைகளை எஸ்க்யூஎல்லில் கேட்டும் வாங்கலாம். ஜன்னல் வந்து, அந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்து மறுபடி டைப் அடித்துக்கொண்டிருக்கிறோம்!

அன்று காலை லீட் வழக்கத்தைவிட சீக்கிரம் வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். நேராக மூலைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எங்கேம்மா அடிச்சே?” காட்டினேன். கட்டத்துக்குள் ஒரு கமாண்டின் பெயரை மட்டும் அடித்தார். பக்கத்தில் ‘ப்ராம்ப்ட்’ என்று ஒரு பட்டன் இருந்தது. மவுஸைப் பிடிக்கத் தெரியாதவர் மாதிரி மெதுவாக நகர்த்தி அதை அமுக்கினார். சாம்பல் நிற ஜன்னல் ஒன்று திறந்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா... இது நம்ம எஃப்4 இல்ல?”