எங்கிருந்து அளக்கிறோம்?

ஆட்டோகேட் படிக்கும் தம்பி தங்கைகள் கோடு போடத் தடுமாறுவதில்லை. எங்கிருந்து அளக்கிறோம் என்பதில்தான் குழம்புகிறார்கள்.

லைன் கட்டளையில் 0,0 என்று தொடங்குங்கள். @6,0 என்றால் நிற்கும் புள்ளியிலிருந்து வலப்பக்கம் 6. @4<90 என்றால் அங்கிருந்து நேர் மேலே 4. பிறகு @-6,0. 'சி' அழுத்தினால் நான்காவது கோடும் விழுந்துவிடும். லயத்து வீட்டில் ஓர் அறை தயார்!

அந்த @ இல்லையென்றால் எண்கள் வரைபடத்தின் மூலப்புள்ளியிலிருந்தே எண்ணப்படும். டைனமிக் இன்புட் ஓடினால் மட்டும் அடுத்த புள்ளிக்கு மென்பொருளே @ சேர்த்துக்கொள்ளும்.

தோட்டத்துச் சர்வே பிளானை ஏற்றும்போது இன்னொரு கவனம் வேண்டும். ஆட்டோகேட் கிழக்கை 0 பாகையாக வைத்து இடஞ்சுழியாக அளக்கும். சர்வேயர் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளப்பார். அவருடைய 30 பாகை, திரையில் 60. யூனிட்ஸ் கட்டளையில் தொடக்கத் திசையை வடக்காகவும் சுழற்சியை வலஞ்சுழியாகவும் மாற்றிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

நம் நிலத்துக்கும் மூலப்புள்ளி உண்டு. மலேசியச் சர்வே பிளான்கள் காசினி என்ற ஆயக் கட்டத்தில் அமைந்தவை. கெடா, பெர்லிஸ் மாநிலங்களின் காசினி கட்டத்துக்குக் குனோங் பேராக் மலை. பினாங்கு, செபராங் பிறைக்குக் கார்ன்வாலிஸ் கோட்டை. 2003-இல் நாடு முழுமைக்குமான ஜிடிஎம்2000 என்ற நில அளவை ஆதாரம் வந்த பிறகும் காசினி கட்டங்கள் மாநிலவாரியாகவே தொடர்கின்றன. அதனால் கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆற்றின் இக்கரைப் பிளானையும் அக்கரைப் பிளானையும் அப்படியே ஒட்டினால் பொருந்தாது. ஒரே கட்டத்துக்கு மாற்றிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பிளான் கைக்கு வந்ததும் முதலில் எந்தக் கட்டம் என்று பாருங்கள். கோடு அப்புறம்.