ஏறுமுன் சொல்லவேண்டியது

ஏற்காட்டில் விடாத மழை. காப்பித் தோட்ட விடுதியில் அமர்ந்து எங்கள் குழுவின் பழைய கட்டுரைகளைத் தொகுத்தோம். மறைந்த நண்பருடையதும் அதில் உண்டு. பெயர்ச்சுருக்கங்களை முழுப்பெயராக்க, லினக்ஸில் எழுதிய பாஷ் நிரலை மேக் கணினியில் ஓட்டினோம். எல்லாம் ஒருவர் பெயரிலேயே வந்தன, நண்பருடையதும்!

சொற்களைச் சாவியாகக் கொள்ளும் அட்டவணை 2009-இல் வந்த பாஷ் 4-இல்தான் உண்டு. மேக்கில் இயல்பாக இருப்பதோ 3.2. அது ஒரு வரி முனகிவிட்டு, சாவிகளையெல்லாம் சுழியமெனக் கொண்டு, கடைசிப் பெயரையே எங்கும் இட்டிருக்கிறது. நின்றுபோயிருந்தால் கவனித்திருப்போம்.

சேலத்திலிருந்து ஏறுவோருக்குக் கொண்டை ஊசி வளைவுகள் 20 என்பது முன்பே தெரியும். நிரலின் தலையில், பதிப்பு 4-க்குக் குறைந்தால் சொல்லிவிட்டு வெளியேறும்படி இரண்டு வரி சேர்த்தோம். அவ்வரிகள் 3.2-க்கும் புரியவேண்டும் அல்லவா? பிறகு நண்பரின் பெயரை அவர் கட்டுரைக்கு மீட்டோம்.