அவலாஞ்சி மழை... மூங்கில் கூடை டிம்சம்... நான்கு தோழிகள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவலாஞ்சியில் டிம்சம் கிடைக்காது. வனத்துறை செக்போஸ்ட் பக்கம் போனால் சூடாக டீ கிடைக்கும், பசிக்கு எளிமையாக ஏதாவது கிடைக்கும். அந்தக் குளிருக்கு அதுவே தேவாமிர்தம். ஆனால், நாங்கள் நான்கு பேர் இரண்டு நாள் நீலகிரியைச் சுற்றியதற்குக் காரணமே ஒரு கூடை டிம்சம்தான்.

நால்வரும் கோவையில் ஒரே காலேஜில் படித்தவர்கள். ஒருத்தி இப்போது சிங்கப்பூர்வாசி. ஒருத்தி திருப்பூரில் டாக்டர், சுத்த சைவம். இன்னொருத்தி எமரால்டு பக்கத்தில் ஒரு படுகர் கிராமத்துக்காரி. ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறாள். நாலாவது, நான். போன வருடம் சிங்கப்பூர்க்காரி எங்கள் எல்லோரையும் அங்கே வரச்சொன்னாள். டாக்டரும் நானும் போய்வந்தோம். எமரால்டுக்காரியால் வர முடியவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை. பறிப்பு நேரம் வேறு. இலை முற்றிவிட்டால் ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து நாங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாள்: “கொழுக்கட்டை சாப்பிட இவ்ளோ தூரம் போகணுமாடி?”

அவள் சொன்னதில் பாதி சரி. டிம்சம் என்பது ஒரே பண்டம் இல்லை, ஆவியில் வேகவைத்தும் பொரித்தும் சின்னச் சின்னதாகச் செய்யும் பல பண்டங்களுக்குப் பொதுப்பெயர். தென்சீனாவின் கான்டன் பகுதியில் பேசும் மொழியில் ‘மனதைத் தொடுவது’ என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள். கண்ணாடி மாதிரி மெல்லிய மாவுக்குள் இறால் தெரிவது ‘ஹார் காவ்’. மேலே மூடாமல், பூப்போல விரிந்து நிற்பது ‘சியு மை’. பன்றிக்கறி வைத்த வெள்ளை பன் ‘சார் சியு பாவ்’. அரிசி மாவை ஆவியில் மெல்லிய விரிப்பாக வேகவைத்துச் சுருட்டித் தருவது ‘சுங் ஃபன்’. இதைப் பார்த்ததும், நம் ஊர் வடாம் மாவை இலையில் ஊற்றி வேகவைப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

சிங்கப்பூரில் சைனாடவுன் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வட்ட மேசைகள். எங்கள் பக்கத்து மேசையில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன் பேத்திகள் என மூன்று தலைமுறை. யார் முன்னாலும் தனித்தட்டு நிறையச் சாப்பாடு இல்லை. நடுவில் மூங்கில் கூடைகள். ஒவ்வொன்றிலும் மூன்றோ நான்கோ. மூன்று இருந்தால் வம்பு. நாலு பேர் போயிருந்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது இன்னொரு கூடை சொல்ல வேண்டும். டிம்சத்துக்கு ஏன் தனியாகப் போகக் கூடாது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஒருத்தர் போனால் இரண்டு வகையோடு வயிறு நிறைந்துவிடும். நாலு பேர் போனால் பத்து வகை பார்க்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரில் காய்கறி இருக்கிறதே என்று நம்பிக் கை வைக்காதீர்கள். முள்ளங்கி கேக் என்று ஒன்று உண்டு. கேட்கச் சாதுவாக இருக்கும். அதற்குள் பெரும்பாலும் உலர்ந்த இறாலும் சீனத்துக் கறியும் பொடியாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். எங்கள் டாக்டரம்மா ஒவ்வொரு கூடையையும் நோயாளியைப் போல விசாரித்துவிட்டு, கடைசியில் காளான் டம்ப்ளிங்கும் கீரை டம்ப்ளிங்கும் சாப்பிட்டாள். பன்றிக்கறி வேண்டாம் என்பவர்களுக்கு ஹலால் டிம்சம் கடைகள் அங்கே தனியாகவே இருக்கின்றன.

இதில் முக்கியமான சங்கதி டீ. ‘டிம்சம் சாப்பிடப் போகலாம்’ என்று கான்டன்காரர்கள் சொல்வதில்லையாம். ‘யும் சா’ என்பார்கள், அதாவது டீ குடிக்கப் போகலாம். டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தவர்களுக்குத் தொட்டுக்கொள்ள வந்த பலகாரம்தான் டிம்சம். பால், சர்க்கரை கிடையாது. மல்லிகை மணக்கும் டீ, சாமந்திப்பூ டீ, கறுத்துப்போன பழைய பூ-ஏர் டீ என்று எதையாவது கெட்டிலில் வைப்பார்கள். தீர்ந்துவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டாம். மூடியைப் பாதி திறந்து வைத்தால் போதும், வெந்நீர் வரும். பக்கத்தில் இருப்பவர் நம் கோப்பையில் ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையைத் தட்டுவது நன்றி சொல்வதாகும். மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சியன்லுங் பேரரசர் தன் வேலைக்காரருக்கு டீ ஊற்றினாராம். விழுந்து கும்பிட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் அவர் விரலை மடக்கி மேசையில் தட்டிக் கும்பிட்டாராம். கதைதான். ஆனால், அந்த மேசையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் நீங்களும் தட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

இந்த வருடம் சிங்கப்பூர்க்காரி லீவில் வந்தாள். பெட்டியில் இரண்டு மூங்கில் கூடைகள். “அவ வரலைன்னா நாம போவோம்டி” என்றாள். கிளம்பிவிட்டோம்.

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி சுமார் 25 கிலோமீட்டர். முத்தோரை பாலாடா தாண்டினால் இரண்டு பக்கமும் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு என்று படிப்படியாகத் தோட்டம். பிறகு தேயிலை. எமரால்டு தாண்டியதும் காடு. குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டிய அணைகளால் வந்த ஏரிகள்தான் அவலாஞ்சி, எமரால்டு இரண்டும். காட்டுக்குள் சொந்த வண்டியில் போக முடியாது. வனத்துறை வண்டியில் சீட்டு வாங்கிக்கொண்டு காலிஃப்ளவர் சோலை, பவானியம்மன் கோயில், லக்கிடி காட்சிமுனை என்று பார்த்துவரலாம். மேலிருந்து பார்க்கும்போது சோலை மரங்களின் தலையெல்லாம் நிஜமாகவே காலிஃப்ளவர் மாதிரிதான் இருக்கிறது. யார் வைத்த பெயரோ, பசியில் வைத்திருக்க வேண்டும். டிரவுட் மீனுக்காக 1907-ல் தொடங்கிய குஞ்சு பொரிப்பகமும் இங்கேதான். நீலகிரி வர இ-பாஸ் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவரக் கூடாது. இரண்டையும் மறக்காதீர்கள்.

அவலாஞ்ச் என்றால் பனிச்சரிவு. இங்கே சரிந்தது பனி இல்லை, மண். சுமார் 200 வருடங்களுக்கு முன்பு நடந்த பெரிய மண்சரிவு இந்த இடத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. 2019 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு வருடம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். “அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்லை. தோட்டம் இருக்குமா போயிருமான்னு விடியறவரைக்கும் உட்கார்ந்திருந்தோம்” என்றாள் எமரால்டுக்காரி.

நாங்கள் போன அன்றும் மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கு அடியில் ஒதுங்கி டீ சொன்னோம். சிங்கப்பூர்க்காரி அந்தக் கடை, கூடை, விரல் தட்டுவது எல்லாவற்றையும் மறுபடி விளக்கினாள். எமரால்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“டீக்கும் காசா?”

“ஆமா. பலகாரத்துக்குத் தனி. டீக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு தனியா பில்லுல வரும்.”

“எவ்ளோ?”

ரூபாயில் சொன்னதும் சிரித்தாள். ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். கிலோவுக்கு அவள் கையில் வருவது பல மாதங்கள் பறிப்புக் கூலிக்கும் உரத்துக்குமே கட்டுவதில்லை. பக்கத்துத் தோட்டம் ஏற்கெனவே காட்டேஜ் ஆகிவிட்டதாம். மகன், “நாமளும் வித்துடலாம்மா” என்கிறானாம். “எங்க இலையெல்லாம் தூளாத்தான் போகுது. கெட்டில்ல போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து குடிக்கிறதுக்கு இல்ல. நானே நின்னுக்கிட்டுதான் குடிக்கிறேன்” என்றாள். டாக்டர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். மழை சத்தம் கொஞ்ச நேரம் பேசியது.

சாயங்காலம் ஊட்டி. தாவரவியல் பூங்கா அருகே இருக்கும் திபெத்தியன் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் பேரம் பேசிவிட்டு, வழியில் ஒரு வண்டிக்கடையில் மோமோ சாப்பிட்டோம். மோமோவும் டிம்சமும் உறவு, ஆனால் ஒன்றில்லை. மோமோவுக்குத் தோல் கொஞ்சம் தடிப்பு, காரச் சட்னி துணை, நின்றுகொண்டே சாப்பிட்டு முடிக்கலாம். கடைக்காரர் மூடியைத் திறக்கவே இல்லை. “அவசரப்படாதீங்கக்கா, இங்க வேக நேரமாகும்” என்றார். சரியாகத்தான் சொன்னார். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியின் சூடும் அவ்வளவுதான். கீழே வேகும் இட்லியை அதே நேரத்தில் இங்கே எடுத்தால் நடுவில் மாவாக இருக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்கு கமிஷனர்ஸ் ரோட்டில் இருக்கும் ஷின்கோஸ் போனோம். ஒரு சீனக் குடும்பம் 1954 முதல் ஊட்டியில் நடத்திவரும் உணவகம். கான்வென்ட் பிள்ளைகள், ராணுவக் குடும்பங்கள், தேனிலவு ஜோடிகள் என்று எத்தனை தலைமுறை அங்கே நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கும்! நாங்களும் சூப், நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ் என்று நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டோம். கூடை இல்லாவிட்டால் என்ன, நடுவில் வைத்துச் சாப்பிட்டால் பேச்சு தானாக வருகிறது. “ஊட்டிக்கு சீனாக்காரங்க எப்படிடி வந்தாங்க?” என்று டாக்டர் கேட்டாள். அந்தக் கேள்விதான் மறுநாள் எங்களை நடுவட்டத்துக்கு இழுத்துப் போனது.

நீலகிரிக்குச் சீனர்கள் முதலில் வந்தது சமையல்காரர்களாக இல்லை, கைதிகளாக. மலாயா, சிங்கப்பூர் பகுதியில் பிரிட்டிஷ் ஆட்சி பிடித்த கைதிகளை வைக்க அங்கே போதிய சிறை இல்லை. சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். இங்கேயும் சிறைகள் நிரம்பி வழிய, ஒரு பகுதியினரை மலைக்கு ஏற்றினார்கள். 1860-களில் மலேரியா மருந்துக்காக சிங்கோனா மரங்களை இங்கே நட்டபோது, காட்டை வெட்டவும் குழி தோண்டவும் அந்தக் கைகள் பயன்பட்டன. நடுவட்டத்தில் அவர்களை அடைத்துவைத்த ஜெயிலை டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் புதுப்பித்து வைத்திருக்கிறது. அவலாஞ்சிக்கு அந்தப் பக்கம் குந்தா மலையில் இருக்கும் தாய்சோலா எஸ்டேட்டிலும் 1859-ல் சீனக் கைதிகள் தேயிலை நட்டதாகத் தோட்டத்தார் சொல்லிவருகிறார்கள். அங்கே ஒரு பகுதிக்கு ‘ஜெயில் தோட்டம்’ என்றே பெயர்.

விடுதலையானவர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே மலைச்சரிவில் குடிசை போட்டு, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறியும் காபியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதை எழுதிவைத்திருக்கிறார். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டே அலைந்தவர் அவர். அந்த அளவெடுப்பு இன்று படிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால், அவர் குறிப்பில் ஒரு வரி மட்டும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் குடியிருப்பில் ஒரு சீனத் தகப்பனாருக்கு இருந்த ஒரே மனக்குறை, கிறிஸ்தவராக மாறியபோது தன் பின்னலை வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்பதுதானாம்.

ஜெயிலின் தடித்த கல்சுவர்கள். வெளியே பளபளவென்று தேயிலை. எமரால்டுக்காரி அறைக்குள் எட்டிப்பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“பாவம், இவங்களுக்கு இங்க யாரு கொழுக்கட்டை செஞ்சு குடுத்திருப்பா?”

“நம்ம ஊர்ப் பொண்ணைக் கட்டினவங்கடி. களியும் குழம்பும்தான்” என்றாள் சிங்கப்பூர்க்காரி.

“அப்ப பொழைச்சிருப்பாங்க.”

மதியம் எமரால்டில் அவள் வீட்டில் சாப்பாடு. அவரைக் கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பின் வாசம் வாசலிலேயே வந்துவிட்டது. மூங்கில் கூடையில் சிங்கப்பூர்க்காரி முட்டைக்கோஸ், கேரட், காளான் வைத்து டம்ப்ளிங் மடித்தாள். மடிப்புகளை மாமியார் கட்டிலில் இருந்தபடியே எண்ணினார். ஊட்டியில் அந்த மோமோ கடைக்காரர் சொன்னதை மனதில் வைத்து, ஐந்து நிமிடம் கூடுதலாகவே வைத்தோம். பால் இல்லாத டீ, அவள் தோட்டத்து இளங்கொழுந்தை வாணலியில் வதக்கி, கையால் கசக்கிக் காயவைத்தது. ஃபேக்டரிக்குப் போகாத இலை. கொஞ்சம் புகை வாசம், கொஞ்சம் துவர்ப்பு. மூன்று தடவை வெந்நீர் ஊற்றினோம். மணி மூன்றரை ஆகியிருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

“மே மாசம் டிக்கெட் போடட்டுமாடி?”

“மே வேணாம், இலை நிறைய வரும். ஜனவரியில போடு. உறைபனி விழும், பறிப்பு இருக்காது.”