இரண்டாவது கயிறு



துபாய் நகரை நேரில் கண்டவர்களும், ஸபர் சென்ற பிள்ளைகள் அனுப்பும் படங்களில் கண்டவர்களும் அங்குள்ள வானளாவிய கண்ணாடிக் கட்டடங்களை வியந்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். முப்பதாவது மாடிக்கும் நாற்பதாவது மாடிக்கும் இடையே இரண்டு மூன்று கரும்புள்ளிகள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். அவர்கள் மனிதர்கள், யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். 2006 முதல் 2019 வரை அப்புள்ளிகளுள் ஒன்றாக நானும் இருந்தேன்.

கீழக்கரையிலிருந்து 2004ஆம் ஆண்டு நான் புறப்பட்டபோது கிடைத்தது கட்டடத்தின் உட்புறத்தைத் துப்புரவு செய்யும் வேலை. இரண்டாண்டுகள் கழித்து, கயிற்றில் இறங்கி வெளிப்புறத்தைப் பராமரிக்கும் பணிக்கு ஆள் எடுத்தார்கள். சம்பளம் கூடுதல். இரு தங்கைகளின் நிக்காஹ் என் தலைமீது நின்ற காலம் அது. பெயர் கொடுத்தேன். ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது உம்மாவிடம், "கட்டடத்தில் மேற்பார்வை வேலை கிடைத்திருக்கிறது" என்றேன். மேலிருந்து கீழே பார்க்கும் வேலைதானே, அதனால் அது முழுப்பொய் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இத்தொழிலின் வரலாறு சுவையானது. ஆழமான குகைகளுக்குள் இறங்கி ஆராய்ந்த ஐரோப்பியர்கள், ஒற்றைக் கயிற்றில் இறங்கவும் ஏறவும் கருவிகளைச் செம்மைப்படுத்தினார்கள். 1980களில் பிரிட்டனில், கடலுக்குள் நிற்கும் எண்ணெய்த் துரப்பண மேடைகளைப் பழுதுபார்க்க அம்முறை கைகொடுத்தது. சாரம் கட்ட ஆகும் காலத்திலும் செலவிலும் சிறு பகுதியே போதுமானதாயிற்று. ஆனால் குகைவாசியின் ஒற்றைக் கயிறு தொழிலாளிக்குப் போதாது என்று முடிவு செய்து, இரண்டாவது கயிற்றைக் கட்டாயமாக்கினார்கள். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அங்கே தோன்றிய ஐராட்டா என்னும் சங்கத்தின் விதிகளே இன்று உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றன.

நான்கு நாள் பயிற்சி. ஐந்தாம் நாள், பயிற்சி நிலையத்தைச் சாராத ஒருவர் வந்து தேர்வு வைப்பார். தேறினால் முதல் நிலைச் சான்றிதழ். மொத்தம் மூன்று நிலைகள். அடுத்த நிலைத் தேர்வை எழுதக் குறைந்தது ஓராண்டும், கயிற்றுப்பணியில் 1000 மணி நேரமும் நிறைவு செய்து, அதனைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் தேர்வு உண்டு. மூன்றாம் நிலை பெற்ற ஒருவர் பொறுப்பேற்று உடனிருக்காமல் யாரும் இறங்கலாகாது. தனியொருவனாக இறங்கும் பேச்சுக்கே இடமில்லை.

அதற்குக் காரணம் உண்டு. இடுப்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை மாட்டியபடி ஒரு மனிதன் அசைவற்றுத் தொங்க நேரிட்டால், இரத்தம் கால்களில் தேங்கி நினைவிழந்து, சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். எனவே ஒருவன் மயங்கினால் அவனை எப்படிக் கீழிறக்குவது என்பதைத் தீர்மானித்த பின்னரே வேலை தொடங்கும்.

எங்கள் கயிறு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் பருமன் உடைய நைலான் கயிறு. உள்ளே பாரம் தாங்கும் இழைகள். அவற்றைக் காக்க வெளியே நெய்யப்பட்ட உறை. சுமார் 2,200 கிலோ எடை தாங்க வேண்டும் என்பது அதற்குரிய தர அளவு. மொட்டைமாடியில் இரு வெவ்வேறு உறுதியான பிடிமானங்களில் இரு கயிறுகளைக் கட்டுவோம். ஒன்றில் இறங்குகருவி இருக்கும். அதன் கைப்பிடியை விட்டால் அப்படியே நின்றுவிடும். மற்றதில் ஒரு சிறு காவல்கருவி, நாம் இறங்க இறங்க உடன் வரும். திடீரென்று விழுந்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். வாளி முதல் துடைப்பான் வரை எல்லாக் கருவிகளும் எங்கள் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து கைநழுவும் சிறு திருகாணியும் கீழே செல்பவரின் உயிரைக் குடித்துவிடும்.

உலகிலேயே உயரமான புர்ஜ் கலீஃபாவை இயந்திரங்கள்தானே துடைக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். 2010 ஜனவரி 4ஆம் நாள் திறக்கப்பட்ட, 828 மீட்டர் உயரமுள்ள அக்கட்டடத்தின் பெரும்பகுதிக்குத் தண்டவாளத்தில் நகரும் தொங்குமேடைகள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அதன் உச்சிக்கூம்பைத் தூய்மை செய்யவும் சோதிக்கவும் கயிற்றில் இறங்கும் மனிதர்தாம் வேண்டியிருக்கிறது. வளைவும் மூலையும் உள்ள இடமெல்லாம் அப்படித்தான்.

2009ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமீரகத்தில் கோடை மாதங்களில் நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். லுஹர் தொழுது, சற்று ஓய்ந்து, மூன்று மணிக்குப் பின் மீண்டும் இறங்கினேன். காலையில் மாடி விளிம்பில் கயிற்றுக்கு அடியில் வைத்த தடித்த துணிக்காப்பு, இடைவேளையில் காற்றில் விலகியிருந்தது. அதனை மறுபடி சரிபார்க்க வேண்டியது என் கடமை. சோம்பலால் பார்க்கவில்லை. பதினேழாவது மாடி அருகே ஒரு சன்னலை எட்டுவதற்காக இடமும் வலமுமாக ஆடினேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேலே அலுமினிய விளிம்பு கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று இரண்டடி கீழே சரிந்து நின்றேன். அறுந்த கயிறு என் தோளின்மீது வந்து விழுந்தது. என்னைத் தாங்கி நின்றது இரண்டாவது கயிறு.

மேலிருந்து பொறுப்பாளர் இறங்கி வந்து என்னைத் தம் கயிற்றில் இணைத்துத் தரை சேர்க்கச் சில நிமிடங்கள் ஆயின. அந்நிமிடங்களில் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். உயிருக்கு அஞ்சியது ஒரு பங்கு. உம்மாவை நினைத்து வருந்தியது மூன்று பங்கு. மையித்து ஊர் சேரும்போதுதான் என் வேலை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்!

ஆனாலும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மறு ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, அடுத்த தெருப் பையன் ஒருவன் துபாயில் எடுத்த படத்தைப் பெருமையாக உம்மாவிடம் காட்டிவிட்டான். தலைக்கவசத்துக்குள் இருந்தது என் முகம். உம்மா நெடுநேரம் அப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுவார்கள், போகாதே என்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர்கள் கேட்டது ஒன்றே: "கயிறு ஒண்ணா, ரெண்டா வாப்பா?"

"ரெண்டும்மா."

"ரெண்டும் ஒரே இடத்துலயா கட்டிருக்கு?"

"இல்லம்மா, வேற வேற இடம்."

உம்மாவின் வாப்பா தோணியில் தண்டலாக இருந்தவர். காற்று மிகுந்த இரவில் ஒற்றை நங்கூரத்தை நம்பித் தோணியை நிறுத்தியதே இல்லையாம். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணிடமா நான் நான்காண்டுகள் மறைத்தேன் என்று வெட்கினேன். "சொல்லியிருந்தா பயந்திருப்பேன், ஆனா சரியா துஆச் செஞ்சிருப்பேன்" என்றார்கள். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் தைத்திருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில், "விளிம்பைப் பாத்தியா?" என்று கேட்காமல் அவர்கள் இருந்ததில்லை.

2019இல் ஊர் திரும்பினேன். 2023 மார்ச் மாதம், ரமலான் பிறக்கப் பத்து நாட்களே இருந்த நிலையில், எங்கள் மஹல்லாப் பள்ளியின் மினாராவுக்கு வண்ணம் பூசும் வேலை நடந்தது. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஏறத்தாழ 90 அடி உயரத்தில், ஒரு பலகையில் அமர்ந்தபடி பெயிண்டர் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரே கயிறு. இடுப்பில் ஒன்றுமில்லை. கயிறு சிமெண்ட் விளிம்பில் நேராக உராய்ந்துகொண்டிருந்தது. என் தோளில் பழைய அறுந்த கயிறு மீண்டும் வந்து விழுந்தது போலிருந்தது.

வேலையை நிறுத்தச் சொன்னேன். "நாப்பது வருசமா இப்படித்தானே நடக்குது, அல்லாஹ் காப்பாத்துவான்" என்றார் நிர்வாகி ஒருவர். அருகிலிருந்த ஹஜ்ரத் அவர்கள் அமைதியாக ஒன்றை நினைவூட்டினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவதா, கட்டாமலா என்று கேட்ட ஒருவரிடம், கட்டிவிட்டே பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதீயில் வரும் செய்தி அது. நிர்வாகி மௌனமானார்.

ஆனால் கீழிறங்கிய பெயிண்டர் என்னைப் பார்த்துக் கோபத்துடன் கேட்டார்: "நிறுத்திட்டீங்க பாய், சரி. கூலியை யாரு குடுப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. கயிற்றைப் பற்றிச் சிந்தித்த நான் அவர் வீட்டு அடுப்பைப் பற்றிச் சிந்திக்கவில்லை. துபாயில் இரண்டாவது கயிற்றின் விலையை நிறுவனம் கொடுத்தது. காற்று அடித்து வேலை நின்றாலும் என் மாதச் சம்பளம் வந்தது. இங்கே ஒரு நாள் நின்றால் ஒரு நாள் பட்டினி. ஏழை ஒற்றைக் கயிற்றில் தொங்குவது அறியாமையால் மட்டுமன்று. இரண்டாவது கயிற்றுக்கு ஒரு விலை உண்டு. வேலை கொடுப்பவர் அதனைக் கொடுக்காதபோது, வேலை செய்பவர் தம் உயிரை ஈடாக வைக்கிறார்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் ஜமாஅத்தார் கூடிப் பேசினோம். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தினர் நாம். அவ்வியர்வை இரத்தமாகாமல் பார்ப்பதும் நம்மீது கடமையன்றோ? நின்ற இரண்டு நாட்களுக்கும் முழுக்கூலி தருவதென்று முடிவாயிற்று. என்னுடன் துபாயில் பணிசெய்து இப்போது சென்னையில் இத்தொழிலை நடத்தும் நண்பர், மூன்றாம் நிலை பெற்றவர், மூன்றாம் நாள் கருவிகளோடு வந்தார். மினாராவின் மாடத்தில் இரு வெவ்வேறு தூண்களில் இரு புதுக்கயிறுகள் கட்டப்பட்டன. விளிம்புக்குக் காப்பு இடப்பட்டது. கீழே யாரும் நடக்காதபடி தடுப்பு வைக்கப்பட்டது. பெயிண்டருக்கு முழு உடல் வார்ப்பட்டையும் காவல்கருவியும் பூட்டி, தரையிலேயே அவரைத் தொங்கவிட்டுப் பழக்கினார் நண்பர். வேலை முடியும்வரை அவர் மேலேயே நின்றார்.

ரமலான் பிறைக்கு முன்பே வேலை முடிந்தது. கூலியைப் பெற்றுக்கொண்டபோது பெயிண்டர் சொன்னார்: "ஒரு கை எப்பவும் கயித்தைப் புடிச்சிக்கிட்டே இருக்கும் பாய். இந்தத் தடவைதான் ரெண்டு கையாலயும் வேலை செஞ்சேன். மேல பச்சைக் கோட்டைப் பாருங்க." பார்த்தேன். சுற்றிலும் வளைந்து நெளியாமல் ஒரே சீராக ஓடியது அக்கோடு.

வாசகச் சகோதர சகோதரிகளே! உங்கள் ஊர்ப் பள்ளியின் மினாராவுக்கோ, நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்கோ வண்ணம் பூச ஒப்பந்தம் பேசும்போது, விலையைக் கேட்குமுன் இரண்டாவது கயிறு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்பவர் சற்றுக் கூடுதலாகக் கேட்பார். கொடுங்கள். நம் வேலைக்காக உயரத்தில் தொங்கும் உயிர், நம் கையில் தரப்பட்ட அமானிதம்.

ஸபரில் உள்ள இளைஞர்களே! நீங்கள் செய்யும் ஹலாலான வேலை எதுவாயினும் பெற்றவர்களிடம் மறைக்காதீர்கள். அவர்கள் அஞ்சுவார்கள்தாம், ஆனால் எதற்காகத் துஆச் செய்ய வேண்டும் என்பதை அறிந்து செய்வார்கள். தாய்மார்களே, நீங்களும் "சாப்பிட்டாயா?" என்று கேட்டபின் "எப்படி வேலை செய்கிறாய்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் உம்மா 2021இல் வஃபாத்தாகிவிட்டார்கள். மினாராவின் அப்பச்சைக் கோட்டை அவர்கள் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை அண்ணாந்து பார்க்கும்போதும் அவர்களுக்காகத் துஆச் செய்கிறேன். உயரத்தில் உழைக்கும் அனைவரையும் வல்ல நாயன் நலமாகத் தரை சேர்ப்பானாக! ஆமீன்.