வந்தாரும் ஊர்மொழியும்

நம் முஹல்லாப் பள்ளிவாசலின் தெற்குத் தாழ்வாரத்தை ஒட்டி ஓட்டுக் கொட்டகை ஒன்று உண்டு. சந்தூக்கும் கிழிந்த பாய்களும் போட்டு வைத்திருந்த இடம். 2022ஆம் ஆண்டின் கடைசியில், கட்டட வேலைக்கென வந்திருந்த வங்காள இளைஞர் எண்மருக்கு அதனை ஜமாஅத்தார் ஒழித்துக் கொடுத்தனர். எல்லாரும் மால்டா மாவட்டத்தவர், தொழுகையாளிகள். வாடகையும் ஒழுங்காக வந்தது. ஆயினும் இரண்டு மாதம் செல்வதற்குள் முறையீடுகள் எழலாயின. கடுகெண்ணெய் மணம் தாழ்வாரம் வரை வருகிறதாம். ஜும்ஆ பயானின்போது தூங்கி விழுகிறார்களாம். தண்ணீரை வீணாக்காதீர் என்று உளூச் செய்யும் இடத்தில் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திறந்துவிடுகிறார்களாம்.

ஒருநாள் இஷாவுக்குப் பின் பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்திச் சொன்னார்: "ஆலிம்சா, பிழைக்க வந்த ஊரின் பேச்சைப் படிக்க வேண்டாமா? எத்தனை நாளைக்கு நாம் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டிருப்பது?"

நாமும் தலையசைத்தோம். அக்கூற்றில் பிழை காண நமக்கு அன்று தோன்றவில்லை. இன்றும் முழுதும் தோன்றவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் நெடுநாள் மறந்திருந்த ஒரு ரொட்டிக் கடை நினைவுக்கு வந்தது.

மதரஸாவில் ஏழாண்டு ஓதி ஸனது பெற்று, நஹ்வும் ஸர்ஃபும் கைவந்துவிட்டன என்ற இறுமாப்போடு வளைகுடா நகரமொன்றுக்கு நாம் கணக்கெழுதச் சென்றபோது நமக்கு வயது இருபத்தைந்து. உடன் வந்தோரெல்லாம் மொழி தெரியாத் திகைப்பில் இருக்க, நமக்கு மட்டும் அச்சமில்லை. குர்ஆனின் மொழியன்றோ அங்கே பேசப்படுவது! இறங்கிய மறுநாட் காலை ரொட்டிக் கடைக்குச் சென்று, இறுதியுயிர் பிசகாமல், தன்வீன் தவறாமல், "உரீது குப்ஸன்" என்றோம். அடுப்படியில் நின்ற பையன் தன் தோழனைக் கூப்பிட்டான். இருவரும் நம்மை மீண்டும் அதனைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னோம். மிம்பரில் நிற்கும் கதீபு இறங்கி வந்து ரொட்டி கேட்பதுபோல் இருந்திருக்கும் அவர்களுக்கு. சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. அவ்வூரார் "அபீ குபுஸ்" என்று இரு சொல்லில் முடித்துவிடுவதை ஒரு வாரம் கழித்துத்தான் அறிந்தோம். இமாம்களின் கிதாபுகளைப் படிக்கத் தெரிந்த நமக்கு ரொட்டி கேட்கத் தெரியவில்லை.

நாம் வேலை பார்த்த தெருவிலே தேன் வணிகம் செய்த யமன் நாட்டு முதியவர் ஒருவர் நமக்கு ஆசானாக வாய்த்தார். அவரும் அவ்வூருக்கு வந்தவர்தாம். நாம் பிழைபடப் பேசினால் சிரிக்காமல், அதே வாக்கியத்தைச் சரியான உருவில் தாம் ஒருமுறை சொல்லிவிட்டு மறுமொழியைத் தொடர்வார். திருத்துகிறார் என்பதே தெரியாது. ஓராண்டில் ஓரளவு பேச வந்தது.

ஆனால் நம் அறையிலே தங்கியிருந்த நம்மூரார் சிலர் இருபதாண்டும் முப்பதாண்டும் அங்கிருந்தவர்கள். அவர்கள் அறிந்த அரபு "மாஃபீ", "மாலூம்" என்ற சொற்களைச் சுற்றியே நின்றது. "அனா மாஃபீ மாலூம்" என்றால் எனக்குத் தெரியாது என்று பொருளாம். எந்த இலக்கணத்துக்கும் அடங்காத சந்தை அரபு. அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. வேலையிடத்தில் இந்தியும் மலையாளமும் போதும். தங்கும் உரிமையோ வேலை கொடுத்தவரின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இவர்கள் இங்கேயே இருக்கப் போகிறார்கள் என்று அந்நாடும் எண்ணவில்லை, இவர்களும் எண்ணவில்லை. அத்தகைய இடத்திலே எவர் எழுத்துக்கூட்டப் போகிறார்?

ஜெர்மனியின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் உடன்படிக்கை செய்து தொழிலாளரை வரவழைத்த அந்நாடு, அவர்களை விருந்துத் தொழிலாளர் என்றே அழைத்தது. விருந்தினர் திரும்பிவிடுவர் என்பது கணக்கு. 1973இல் ஆள் எடுப்பை நிறுத்தியபோது, இருந்தவர்கள் திரும்பாமல் மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டனர். அதன் பின்னும் மூன்று பத்தாண்டுகள் கழிந்தே, 2005இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டத்தின்கீழ், 600 பாடவேளை மொழிப் பயிற்சிக்கு அரசே ஏற்பாடு செய்தது. இடைப்பட்ட காலமெல்லாம் "வந்தவர்கள் மொழி கற்கவில்லை" என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் அங்கே பஞ்சமிருந்ததில்லை.

இவற்றையெல்லாம் எண்ணிய பிறகு, 2023 ஜனவரியிலிருந்து மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அவ்விளைஞர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதென்று நாமே ஒப்புக்கொண்டோம். எண்மரில் நால்வர் வந்தனர். மற்றவர்களுக்கு வேலைக் களைப்பு. அதனை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. நம்மை அவர்கள் "ஹுஜூர்" என்றழைத்தனர். வங்காள முஸ்லிம்கள் மார்க்கம் கற்றவரை அழைக்கும் முறை அது.

வங்கமொழியில் வகர ஒலி இல்லை. ஆதலின் வீடு பீடாயிற்று, வாழைப்பழம் பாலப்பளமாயிற்று. ழகரத்தை நாம் மிக வற்புறுத்தினோம். அப்போது தாழ்வாரத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "பளம்னு சொன்னா என்ன ஆலிம்சா, நாங்க எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்" என்றார். உண்மைதான். தென்கரையிலே ழகரத்தைச் செம்மையாக ஒலிப்பாரை விரல் விட்டு எண்ணலாம். வந்தவன் மட்டும் தொல்காப்பியர் வழிநின்று பேச வேண்டுமென்பது என்ன நியாயமோ!

இதனினும் பெரிய பிழையொன்றை நாம் செய்தோம். "நான் கடைக்குச் செல்கிறேன்", "எனக்குத் தேநீர் வேண்டும்" என்று ஏட்டுத் தமிழிலேயே பாடம் நடத்திவிட்டோம். ஒரு மாலை, நால்வரிலும் கூர்மையான இளைஞர் சோர்ந்த முகத்தோடு வந்தார். தேநீர்க் கடையில் "ஐயா, எனக்கு ஒரு தேநீர் தாருங்கள்" என்றாராம். கடையே திரும்பிப் பார்த்துச் சிரித்ததாம். நமக்கு நெஞ்சம் திடுக்கிட்டது. கால் நூற்றாண்டுக்குமுன் குபுஸ் கடையில் நாம் நின்ற இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியவர் நாமேயன்றோ. அன்றே பாடத்தை மாற்றினோம். "அண்ணே, ஒரு டீ" என்று சொல்லிக்கொடுத்தோம். ஸனது பெற்ற நாவுக்கு அது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

அவரைத் தேற்றுவதற்காக ஸீபவைஹியின் கதையை நமக்குத் தெரிந்த உருதுவில் சொன்னோம். நம் வாசகருள் மதரஸாவில் ஓதியோர் அறிந்ததுதான். பாரசீகத்தில் பிறந்து பஸராவுக்கு வந்த ஸீபவைஹி, ஹதீஸ் ஓதும் மஜ்லிஸில் ஒரு சொல்லின் இறுதியுயிரைப் பிசகிப் படித்தார். ஆசான் ஹம்மாத் இப்னு ஸலமா அவர்கள் திருத்தினார்கள். இனி எவரும் பிழை சொல்ல முடியாதபடி இம்மொழியைக் கற்பேன் என்று எழுந்தவர், அரபு இலக்கணத்தின் தாய்நூலாகிய 'அல்கிதாப்'பை எழுதினார். அரபைத் தாய்ப்பாலோடு பருகாத ஒருவர் இயற்றிய நூல் அது. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதைக்கு இன்னொரு பகுதியும் உண்டு. பக்தாதில் கிஸாயீயோடு நடந்த வாதத்தில், குளவியைப் பற்றிய ஒரு வாக்கியம் விவாதப் பொருளாயிற்று. தீர்ப்புக் கூற வாயிலில் நின்ற பாலைவன அரபிகளை அழைத்தார்கள். அவர்கள் கிஸாயீயின் பக்கம் பேசினர். காசு வாங்கிக்கொண்டு பேசினர் என்றும் நூல்கள் கூறும். ஸீபவைஹி மனமுடைந்து பாரசீகம் திரும்பினார், நெடுநாள் வாழவில்லை. எத்தனை கற்றாலும், பிறப்பால் வாய்த்த நா ஒன்று குறுக்கே வந்து "இது எம்மொழி" என்றால் அதற்கு மேல் முறையீடு இல்லை போலும். இப்பகுதியை அவ்விளைஞருக்கு நாம் சொல்லவில்லை.

அதே தடையை இன்னொரு வடிவில் நம் சமுதாயமும் அறியும். முன்ஷீ அப்துல்லாஹ்வை எண்ணிப் பாருங்கள். அவருடைய கொள்ளுப்பாட்டனார் யமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம்புரிந்தார். மக்களுள் ஒருவர் மலாக்கா சென்றார். அவ்வழியிலே 1796இல் பிறந்த அப்துல்லாஹ் தமிழும் அரபும் மலாயும் கற்று, மலாக்காக் கோட்டையின் இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்து முன்ஷீ என்ற பெயர் பெற்றார். ராஃபிள்ஸுக்கு எழுத்தராக இருந்தார். அவர் எழுதிய 'ஹிகாயத் அப்துல்லாஹ்' புதிய மலாய் உரைநடைக்குக் கால்கோளாயிற்று. நான்கு தலைமுறையில் ஒரு குடும்பம் அரபாகவும் தமிழாகவும் மலாயாகவும் ஆயிற்று. மூன்றிலும் எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் அவர் மலாயரா அல்லரா என்ற வாதம் அவருக்குப் பின்னும் ஓயவில்லை. பின்னாளில் மலேசிய அரசியலமைப்பின் 160ஆம் விதி, இஸ்லாத்தைத் தழுவி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவரை, நாட்டில் பிறப்போ குடியிருப்போ பற்றிய நிபந்தனையோடு, மலாயர் என வரையறுத்தது. பிறந்த குலத்தினும் பேசும் மொழிக்கு இடங்கொடுத்த விதி என்பதால் நமக்கு அதன்மீது ஒரு மதிப்புண்டு.

வந்தவர் பாடு இதுவென்றால், வராதவர் பாடு என்ன? சில ஆண்டுகளுக்குமுன், தமிழாசிரியர்களுக்கான ஒரு கருத்தரங்கில் சீறாப்புராணம் பற்றி நாம் பேசி முடித்தபின், படித்த பெருமகனார் ஒருவர் அன்போடு நம் கையைப் பற்றி, "உங்கள் தமிழ் மிக நன்றாக இருக்கிறது, வீட்டில் உருதுதானே?" என்றார். நம் பாட்டனாரின் பாட்டனாரும் தமிழல்லாது வேறொன்று பேசியறியார். நாம் சிரித்துக்கொண்டே "வீட்டிலும் இதுதான்" என்றோம். அவர் நல்லவர், அதனால்தான் கூடுதலாக வலித்தது. அந்த வலி அறிந்த நாமே, கொட்டகையில் இருந்தோரை "இந்திக்காரர்" என்று பேச்சுவாக்கில் பலமுறை சொல்லியிருக்கிறோம். வங்காளிக்கு இந்தி நமக்கு எவ்வளவு தாய்மொழியோ அவ்வளவுதான். 1965ஐ மறவாத தமிழர், 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் வங்கமொழிக்காக உயிர் நீத்தோரையும் நினைவிற்கொள்ளலாம். அந்நாளையே யுனெஸ்கோ பின்னர் உலகத் தாய்மொழி நாளாக ஏற்றது.

2023 மார்ச் முதல் வாரம் வந்தது. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் எனக் காட்டும் காணொளிகள் கைப்பேசிகளில் பரவின. அவை பொய் என்று தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசும் அதிகாரிகள் குழுவொன்றை அனுப்பி நேரில் விசாரித்தது. ஆனால் மறுப்பு வருமுன்பே அச்சம் வந்துவிட்டதே. நம் கொட்டகையார் பீகாரிகள் அல்லரெனினும், ஊரிலிருந்து தாய்மார் அழுதுகொண்டே அழைத்தனர். ஓர் இரவிலே ஐவர் மூட்டை கட்டி இரயிலேறிவிட்டனர். அவர்களுக்குக் கையிலிருந்த கருவியல்லாது வேறு செய்தி கூறுவார் இல்லை. நம்மிடம் வந்து கேட்கவும் வாயில்லை.

"அண்ணே, ஒரு டீ" கற்றவர் மட்டும் அவ்வதிகாலை தேநீர்க் கடைக்குப் போயிருக்கிறார். கைப்பேசியைக் காட்டி, "அண்ணே, இது நெசமா?" என்று கேட்டிருக்கிறார். முன்பு சிரித்த அதே கடைக்காரர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரோ, நம்ம ஊரு இல்ல, நீ உட்காரு" என்றாராம். அவரோடு இருவர் தங்கினர். ரயிலேறிய ஐவரில் மூவர் நோன்பு கழிந்து திரும்பினர். இருவர் திரும்பவேயில்லை. அவ்விருவரும் நம் வகுப்புக்கு ஒருநாளும் வராதவர்கள். வேலைக் களைப்பு என்று நாம் எளிதாக விட்டுவிட்டதை எண்ண இப்போதும் உறுத்துகிறது.

யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபிபெருமானார் (ஸல்) அவர்கள் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்ததும், அவர்கள் அரை மாதத்தில் கற்றதும் ஹதீஸ்களில் உண்டு. இதனை எடுத்துச் சொல்லி, வகுப்புக்கு ஜமாஅத்திலிருந்து ஒரு கரும்பலகையும் விளக்கும் கேட்டோம். "முதலில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வருகிறதா பாருங்கள்" என்றார் ஒருவர். அதுவும் நியாயமே, அவர் மகனையும் சேர்த்துக்கொண்டோம்.

2024 ஜூனில் அவ்விளைஞர் தம் மனைவியையும் ஐந்து வயது மகளையும் அழைத்து வந்தார். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் இங்கே பள்ளியில் சேர்ந்தால் குழந்தைக்குத் தமிழ் உண்டு என்று சொன்னோம். "தெரியும், ஆலிம்சா" என்றார். ஹுஜூர் எப்போது ஆலிம்சா ஆயிற்று என்று நாம் கவனிக்கவில்லை. பள்ளி விண்ணப்பத்தை நம் திண்ணையில் அமர்ந்து அவரே நிரப்பினார். மகள் பெயருக்குமுன் தம் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் இட்டார். தாய்மொழி என்ற கட்டத்தில் சற்று நிறுத்தி நம்மைப் பார்த்தார்.

"உள்ளதை எழுதுங்கள் தம்பி" என்றோம்.

'வங்காளம்' என்று எழுதினார். முதலில் ளகரத்துக்குப் பதில் ழகரம் போட்டுவிட்டு, அடித்துத் திருத்தினார்.